மாமியார் நீலமான சனிக்கிழமை

லாப்புக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான முதல் விஷயம், மெதிலீன் புளூ கையில் பட்டால் போகாது என்பதுதான். சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பீர்கள். தேசிக்காய் தேய்ப்பீர்கள். யாரோ சொன்னார்கள் என்று பற்பசையும் தேய்ப்பீர்கள். கடைசியில் நீல விரலோடுதான் கலியாண வீட்டுக்குப் போவீர்கள். என் மச்சாளின் கலியாண வீடியோவில் நான் சோறு பரிமாறுகிற இடம் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், "இவர் எந்த எலக்சனில வோட்டுப் போட்டவர்?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள்.

இந்தச் சாயத்தைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று உங்கள் பொறுப்பாளர் கேட்டபோது, அதைக் கரைக்கிற முறையைத்தான் எதிர்பார்த்திருப்பார். அது புத்தகத்தில் இருக்கிறது, வாசியுங்கள். கண்ணாடித் தட்டில் கிருமியைக் காட்டுவதும் கலத்தின் கருவைக் காட்டுவதும் பிறந்த கையோடு ஓடுகிற இளம் செங்குருதிக் கலங்களை எண்ண உதவுவதும் இதுதான். ஆராய்ச்சிக்காரர்கள் இதை வைத்து என்னென்னவோ செய்கிறார்கள், பாதி எனக்கு விளங்குவதில்லை. சத்திரசிகிச்சை செய்பவர்கள் தைத்த குடலில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க இதை ஊற்றுகிறார்கள். வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக்குக் கீழே அலங்கார மீன் விற்கிற கடையில், மீனுக்குப் பூஞ்சணம் பிடித்தால் தொட்டியில் விடுவதற்கு இதையே சின்னப் போத்தலில் விற்கிறார்கள். சில வேளைகளில் மனுசரின் நாளத்திலும் ஏற்றுகிறார்கள். அப்படி ஏற்றிய ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நான் கடைசியாக வேலை செய்தது கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு நடுத்தரத் தனியார் ஆஸ்பத்திரியில். லாப் கீழ்த்தளத்தில், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பக்கத்துக் கதவு. அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் டொக்டர் ஃபர்ஸானா. தெஹிவளைப் பிள்ளை, முப்பதைத் தாண்டியிருக்காது. 'சொல்' அவர் வாயில் 'செல்' ஆகும், 'இருக்கிறது' 'ஈக்கிது' ஆகும். வேகமாகக் கதைப்பார், நிதானமாக முடிவெடுப்பார். மற்றவர்களில் பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள் என்பதால் அவரோடு எனக்கு ஒத்துப்போனது.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, முந்திய சனிக்கிழமை. மத்தியானம் சோற்றுப் பார்சலை அவிழ்த்து முதல் பிடியைக் குழைத்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் ஒரு இரத்தக் குழாய்.

"அண்ணன், இதப் பாருங்க. எனக்கு மட்டும்தானா இப்பிடித் தெரியுது?"

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரத்தம் சிவப்பாக இல்லை. கோப்பித் தூள் கூடிப்போன ஐஸ் கோப்பி மாதிரி இருந்தது.

"ஆருடைய இரத்தம்?"

"அறுபது தாண்டின அம்மா ஒருத்தங்க. உதடும் நகமும் நீலம். நெஞ்சு சுத்தமா ஈக்கிது. ஒக்சிஜன் முழுசாக் குடுத்துப் பாத்தேன், நிறம் மாறவே இல்ல. எனக்கு ஒரு சந்தேகம் ஈக்கிது. ஆனா நீங்க முதல்ல செல்லுங்க."

இந்தப் பழக்கத்தை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். தன் சந்தேகத்தை முதலில் சொல்லிவிட்டால் எதிரே நிற்பவன் தலையாட்டிவிட்டுச் சோற்றுக்குத் திரும்பிவிடுவான் என்று அவருக்குத் தெரியும்.

வடிதாளை எடுத்து அந்த இரத்தத்தில் ஒரு சொட்டு விட்டேன். பக்கத்தில் என் விரலைக் குத்தி என்னுடையதில் ஒரு சொட்டு. தாளைக் காற்றில் ஆட்டினோம். என்னுடையது குங்குமம் மாதிரிச் சிவந்தது. அந்த அம்மாவுடையது மண்ணிறமாகவே கிடந்தது.

"ஏதோ நஞ்சு இரத்தத்தையே மாத்திப்போட்டுது, டொக்டர். ஒக்சிஜனைக் கொண்டுபோக ஏலாத மாதிரி."

"அதேதான் நானும் நினைச்சேன். அப்ப மருந்து?"

இரண்டு பேருக்கும் தெரியும். மெதிலீன் புளூ. ஊசியாக ஏற்றினால் கெட்டுப்போன இரத்தத்தைத் திருப்பிச் சரிக்கட்டும்.

"பார்மசியில இல்ல. கேட்டுட்டுத்தான் வந்தேன்," என்று சொன்னவரின் கண் எனக்குப் பின்னால் இருந்த தட்டுக்குப் போனது. அங்கே ஒரு போத்தலில், என் கையெழுத்தில் பெயர் ஒட்டி, மெதிலீன் புளூ நின்றது.

"அந்தப் போத்தலத் தாங்க அண்ணன்."

"தரமாட்டன்."

"ஏன்?"

"டொக்டர், இது கண்ணாடித் தட்டுக்குப் போடுற சாயம். நான்தான் கரைச்சனான். உள்ளுக்கை என்னென்ன உலோகம் கிடக்குதெண்டு செய்தவனுக்கே தெரியாது. கிருமி நீக்கினதும் இல்லை. போன கிழமை இதுக்குள்ள ஒரு இலையான் செத்துக் கிடந்தது."

"பொரளைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில ஊசி மருந்து ஈக்கிது. அனுப்புறோம்னு செல்லிட்டாங்க. ஆனா இண்டைக்கு ரோட்டப் பாத்தீங்களா?" 

பார்த்திருந்தேன். நத்தார்ச் சாமான் வாங்க முழுக் கொழும்பும் புறக்கோட்டையில் இறங்கியிருந்தது. என்னுடைய பஸ்ஸைவிட நடந்து வந்தவர்கள் முந்திக்கொண்டு போனார்கள்.

"அந்தம்மா கேட்டதுக்கு இப்பவே ஒழுங்காப் பதில் செல்றாங்க இல்ல, அண்ணன். அழுக்கு மருந்து ஒண்டு. மருந்தே இல்லாம ஒண்டு. ரெண்டில எது கூட ஆபத்து?"

கேள்வி சரியான கேள்வி. சரியான கேள்வியைக் கேட்கிறவரிடம் சட்டம் பேசுவது சுகமான வேலை. நான் என் வாழ்க்கையில் பல பேர் அதைச் செய்து நிம்மதியாக வீட்டுக்குப் போவதைக் கண்டிருக்கிறேன். "விதிப்படி தர ஏலாது" என்று சொல்லிவிட்டுப் சோற்றுப் பார்சலுக்குத் திரும்பியிருந்தால் என்னை யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பக்கம் ஒரு மனுசி செத்துப்போயிருப்பா. 

மண்டை ஏன் அப்போது வேலை செய்ததோ தெரியாது. சில மாதங்களுக்கு முன் மேல்மாடிச் சத்திரசிகிச்சைத் தியேட்டரிலிருந்து பரிசோதனைக்கு வந்த ஒரு குடல் துண்டு ஞாபகத்துக்கு வந்தது. முழுக்க நீலம். வெட்டும்போது என் கையும் மேசையும் நாசமாகி, அனுப்பியவர்களை மனதுக்குள் நன்றாக ஏசியிருந்தேன். ஆளின் வயிற்றுக்குள் ஊற்றியிருக்கிறார்கள் என்றால் அது என்னுடைய ஈ விழுந்த சாயமாக இருக்க முடியாது. 

"தியேட்டரில இருக்கும், டொக்டர். எனக்குக் கொஞ்ச நேரம் தாங்கோ."

தியேட்டருக்குப் போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. லிஃப்டுக்குப் போனேன். நிர்வாகத்தார் வாங்கிய நத்தார் மரத்தை அதற்குள் படுக்கப் போட்டு இரண்டு பேர் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டுப் பக்கம் திரும்பியபோதுதான் நோயாளியின் குடும்பம் என்னைப் பிடித்துக்கொண்டது.

நீலமான அம்மாவின் பெயர் பிலோமினா. நீளமான வாங்கில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது மகள் ஷெரின். பக்கத்தில் சமையல் ஏப்ரனோடு நின்றவர் மருமகன் கிறிஸ்டி. சுவரில் சாய்ந்து கிறிஸ்டியை முறைத்துக்கொண்டிருந்தவன் மகன் ரொஷான். அந்த அம்மாவுக்குச் சளி, தடிமன் என்று, கலியாணம் செய்த இத்தனை காலத்தில் முதல் தடவையாக, கிறிஸ்டி மாமியாருக்குச் சூப் வைத்துக் கொடுத்திருக்கிறார். அந்தச் சூப்பைக் குடித்துத்தான் மாமியார் நீலமானார்.

"சார், மெதிலீன் புளூ தேடுறாங்கன்னு நர்ஸ் சொன்னாங்க," என்றார் கிறிஸ்டி. "எங்க வீட்ல இருக்கு சார். மீன் தொட்டிக்குப் போடுறது. ஓடிப்போய் எடுத்துட்டு வரவா?"

மனுசன் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் ரொஷான் அவருடைய ஏப்ரனைப் பிடித்துவிட்டான்.

"அந்த மருந்தும் வீட்லயே வச்சிருக்கியா? எல்லாம் ரெடி பண்ணிட்டுத்தான் சூப் வச்சியா?"

"டேய், அது மீனுக்குடா."

நான் அவர்களை விலக்கவில்லை. அன்றைக்கு நான் செய்த புத்தியான காரியங்களில் அதுவும் ஒன்று. படியில் ஏறினேன்.

தியேட்டர் வாசலில் சிஸ்டர் கையை நீட்டி மறித்தார். சிங்கள மனுசி, என்னோடு அன்பும் வாரப்பாடும் உள்ளவர். "அண்ணன், இப்ப உள்ளே போக ஏலாது, சேர் ஒப்பரேசன் நடுவில நிக்கிறார்," என்று சிங்களத்தில் சொன்னார். மெதிலீன் புளூ இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, இரண்டே இரண்டு குப்பி, சேர் குடலைத் தைத்து முடித்துவிட்டு இப்போதுதான் அதை உடைக்கச் சொன்னார் என்றார். 

சத்திரசிகிச்சை நிபுணரான அந்தச் சேரைப் பற்றி ஆஸ்பத்திரி முழுக்கக் கதை உண்டு. கத்தரிக்கோல் எறிவார், புதிதாக வந்த டொக்டர்மாரை அழவைப்பார், ஒருமுறை நிர்வாகியையே வாசலோடு திருப்பி அனுப்பினார். நான் முகக்கவசத்தையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு கதவுக்கு உள்ளே ஒரு அடி வைத்தேன்.

தலையை நிமிர்த்தாமலே, "யார் அது? சாப்பாடு கொண்டுவந்தவனா?" என்றார்.

மன்னிப்புக் கேட்டுத் தொடங்கியிருந்தால் அன்றைக்கு நான் தோற்றிருப்பேன். உங்களுக்கும் சொல்கிறேன், அப்படிப்பட்ட இடத்தில் "சேர், குறை நினைக்கக் கூடாது" என்று தொடங்காதீர்கள். அதைக் கேட்டு முடிக்க அவர்களுக்கு நேரம் இல்லை. நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: "கீழே ஒரு அம்மாவின் இரத்தம் கோப்பி நிறமாகிவிட்டது. அவருக்கு இருக்கிற ஒரே மருந்து உங்கள் தட்டில் இருக்கிறது."

கை ஒரு கணம் நின்றது. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரிய வேண்டியது இந்தத் தையலில் ஓட்டை இருக்கா என்றுதான். அதற்குத் தண்ணீர் இருக்கு, காற்று இருக்கு. சைக்கிள் டியூப் ஒட்டுகிறவனுக்குத் தெரிந்த வேலை எனக்குத் தெரியாதா? சிஸ்டர், அதைக் கொடுங்க."

சிஸ்டர் ஒன்றை எடுத்தார்.

"இரண்டையும் கொடுங்க. ஆளுடைய கையைப் பாருங்க. ஒன்றைப் படியில் போட்டு உடைப்பான்."

அவர் என்னிடம் கடிதம் கேட்கவில்லை, கீழே இருக்கிற டொக்டர் யார் என்று கேட்கவில்லை. நோயாளி யாருடைய நோயாளி என்றும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் நன்றி சொல்லப் போனபோது, "எந்த விஷயம்?" என்று கேட்டு என்னைத் துரத்திவிட்டார். மனுசன் நல்லவரா கெட்டவரா என்று இன்றுவரை எனக்கு ஒரு முடிவில்லை.

நான் கீழே வந்தபோது பிலோமினா அம்மாவுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. டொக்டர் ஃபர்ஸானா சின்னக் குப்பியை வாங்கி, ஒட்டியிருந்ததைத் தானே வாசித்தார். ஷெரினைக் கூப்பிட்டு, குடும்பத்தில் யாருக்காவது இரத்தக் கலம் உடைகிற நோய் உண்டா, அம்மா என்னென்ன குளிசை மாத்திரை போடுகிறார் என்று கேட்டார். இந்த மருந்தே சிலருக்கு நஞ்சாகும் என்பதால் அதைக் கேட்காமல் அவர் ஏற்ற மாட்டார், அவசரம் எவ்வளவாக இருந்தாலும். பிறகு ஊசியை மெல்ல மெல்லத் தள்ளத் தொடங்கினார். நீலம் குழாய் வழியே கைக்குள் இறங்கியது.

நன்றாகப் போகிறது என்று நான் மூச்சு விட்ட நேரத்தில், அம்மாவின் விரலில் மாட்டியிருந்த ஒக்சிஜன் மீற்றர் சரியத் தொடங்கியது. அதுவரை ஒரே இடத்தில் நின்ற இலக்கம் கிடுகிடுவென்று இறங்கியது.

"டொக்டர், குறையுது," என்றார் நர்ஸ். அந்தப் பிள்ளையின் குரல் மாறிவிட்டது.

வாசலில் நின்ற ரொஷானும் அதைப் பார்த்துவிட்டான். "என்ன ஊசி போட்டீங்க? எங்க அம்மாவ என்ன செய்றீங்க?"

என்னையும் பயம் பிடித்தது. தப்பான சாமானைக் கொண்டுவந்துவிட்டேனா என்று குப்பியை எடுத்துத் திரும்ப வாசித்தேன். பக்கத்தில் நின்ற இளைய டொக்டர் ஒருவர், ஊசியை நிற்பாட்டுவோமா என்று கேட்டார். 

டொக்டர் ஃபர்ஸானாவின் கை நிற்கவில்லை, வேகமாகவும் போகவில்லை.

"இந்த மீற்றர் வெளிச்சம் விட்டு இரத்தத்திட நிறத்தப் பாக்குற சாமான்," என்றார். "நாங்க இப்ப இரத்தத்துக்குள்ள நீலச் சாயம் விட்டுக்கொண்டு ஈக்கிறோம். அது பொய் செல்லுது. அம்மாட முகத்தப் பாருங்க, மீற்றரப் பாக்க வேணாம்."

சொல்லிவிட்டு நர்ஸிடம் ஒரு துவாயை எடுத்து அந்தத் திரையை மூடச் சொன்னார். 

அவர் சொன்னதை நானும் எங்கோ படித்திருந்தேன். படித்தது என்னைக் காப்பாற்றவில்லை. இலக்கம் சிவப்பில் மின்னும்போது அதை நம்பாமல் இருப்பதற்குப் படிப்பைத் தவிர வேறு ஏதோ வேண்டும். அன்றைக்கு அது அவரிடம் இருந்தது, எங்கள் ஒருவரிடமும் இல்லை.

கொஞ்சம் பொறுத்துத் திரும்ப இரத்தம் எடுத்தார். நான் லாப்புக்கு ஓடி ஒரு சொட்டை வடிதாளில் விட்டேன். முழுச் சிவப்பு இல்லை, ஆனால் கோப்பியும் இல்லை. கதவால் தலையை நீட்டி, "வருகுது டொக்டர்," என்றேன். அவர் அப்போதுதான் முதல் தடவையாகக் கதிரையில் உட்கார்ந்தார்.

உதட்டில் இருந்த நீலம் போய் மெல்ல மெல்ல ரோசா நிறம் வந்தது. பிலோமினா அம்மா கண்ணைத் திறந்து எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். என்ன செய்கிறது என்று டொக்டர் கேட்டார்.

"சூப்ல உப்பு கூட," என்றார்.

அம்மா பிழைத்துவிட்டார். கிறிஸ்டிதான் பிழைப்பாரா என்று தெரியவில்லை. நஞ்சு என்றால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும், அறிவித்திருந்தார்கள். சார்ஜன்ட் ஒருவர் வந்து வாங்கில் கிறிஸ்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கேள்விகளுக்கு ரொஷான் முந்திக்கொண்டு பதில் சொன்னான். சூப் யார் வைத்தது? இவன். வேறு யார் குடித்தது? யாரும் இல்லை. மருந்தின் பெயர் இவருக்கு எப்படித் தெரியும்? வீட்டில் போத்தல் வைத்திருக்கிறான். எழுதிப் பார்த்தால் எனக்கே அவரைப் பிடித்து உள்ளே போடலாம் போலத்தான் இருந்தது.

டொக்டர் ஃபர்ஸானா வெளியே வந்து கிறிஸ்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சூப்புக்கு உப்பு எங்கருந்து எடுத்தீங்க?"

"உப்புப் போத்தல்ல இருந்துதான் டொக்டர்."

"இந்த நாள்ல வீட்ல இறைச்சி ஏதும் பதப்படுத்துறீங்களா?"

கிறிஸ்டி வாயைத் திறந்து மூடினார். ஒவ்வொரு நத்தாருக்கும் வீட்டிலேயே ஹாம் செய்து தெரிந்தவர்களுக்கு விற்கிறவர் அவர். அதற்குப் போடுகிற விசேஷ உப்பைப் பேக்கரிச் சாமான் கடையில் பையில் வாங்கிக் குசினியில் சமையல் சாமான் அலுமாரியில் வைத்திருந்தார். அதில் கிடப்பது சோடியம் நைத்திரைற்று. இறைச்சிக்குத் துளியளவு போட்டால் அழகான நிறம் தரும். சூப்புக்குக் கரண்டியால் அள்ளிப் போட்டால் மனுசருக்கும் நிறம் தரும், அழகாக இருக்காது.

"அது பையில இருந்துச்சு டொக்டர். நான் போத்தல்ல போடல. நான் ஏன் போடுறேன்?"

அதை யார் போத்தலில் போட்டது என்பது அன்றைக்குத் தெரியவரவில்லை. சார்ஜன்ட் போகும்போது கிறிஸ்டியை ஊரை விட்டு எங்கேயும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஷெரின் புருஷனுக்குப் பக்கத்தில் இருந்தாள், ஆனால் இடையில் ஒரு கைப்பையை வைத்திருந்தாள்.

அடுத்த நாள் காலை வார்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பிலோமினா அம்மா கழிப்பறைக்குப் போய், தான் கழித்த சிறுநீர் பச்சையும் நீலமுமாக இருந்ததைக் கண்டு, குடும்பம் முழுவதையும் கட்டிலைச் சுற்றி நிறுத்தி வைத்திருந்தார். 

"பாத்தீங்களா? அவன் மீன் மருந்தக் குடுத்திருக்கான். நான் சாட்சியோட சொல்றேன்." 

கிறிஸ்டி கட்டில் காலடியில், முகத்தில் இரத்தமே இல்லாமல் நின்றார். விளக்கம் சொல்ல வேண்டியது நான்.

"அம்மா, அந்த நிறம் நாங்கள் ஏத்தின மருந்திட நிறம். ரெண்டொரு நாளில போயிடும்."

"என்ன மருந்து?"

"மெதிலீன் புளூ."

"மீனுக்குப் போடுறதா?"

பக்கத்தில் நின்ற டொக்டர் ஃபர்ஸானா என் காலை மிதித்தார். ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஓம் அம்மா, சாமான் அதுதான். ஆனா இது மனுசருக்கெண்டு சுத்தமாச் செய்தது."

பிறகு ஷெரின் மெதுவாக அம்மாவிடம், உப்புப் போத்தலைக் கடைசியாக நிரப்பியது யார் என்று கேட்டாள். 

"நான்தான். வேற யாரு செய்றா அந்த வீட்ல? குசினி கிடந்த கோலம். உப்பு ஒரு பையில, போத்தல் காலியா. உப்பு உப்புப் போத்தல்லதானே இருக்கணும்?"

ரொஷான் ஜன்னலுக்கு வெளியே எதையோ ஆர்வமாகப் பார்த்தான். ஷெரின் புருஷனின் கையைப் பிடித்தாள். கிறிஸ்டிக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கத் தெரியாமல் ஏப்ரனைத் தேடினார், அன்றைக்கு அது அவரிடம் இல்லை. தன்னால்தான் எல்லாம் என்று பிலோமினா அம்மா சொல்லவில்லை. கிறிஸ்டியைப் பார்த்து, "இனிமே நீ எனக்குச் சூப் வைக்காத," என்று மட்டும் சொன்னார். கிறிஸ்டி, "சரி மாமி," என்றார். அவ்வளவு சந்தோஷமாக யாரும் சம்மதித்து நான் கண்டதில்லை.

அன்றைக்குப் பின்னேரம் கன்ரீனில் டொக்டர் ஃபர்ஸானாவோடு இருந்து பால் விடாத பிளேன்ரீ குடித்தேன். ரோட்டில் அகப்பட்ட பொரளை மருந்து முதல் நாள் எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்து, பார்மசியில் பத்திரமாக இருந்தது. அவர் கோப்பையைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அண்ணன், தியேட்டர்லயும் இல்லாட்டி?"

"லாப்பில இருந்த சாயப் போத்தல் என்ர கோட் பையிலதான் இருந்தது, டொக்டர். படியேறேக்கை கொண்டுபோனனான்."

"நான் எடுத்துருவேன்னு பயந்தா?"

"முதலில அதுக்குத்தான் எடுத்தனான். பாதிப் படியில யோசிச்சன், மேல இல்லையெண்டால் திரும்பி வந்து உங்கட கையில தந்திருப்பன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நானும் ஏத்தியிருப்பேன்," என்றார். "பிறகு விசாரணை வந்திருக்கும். அந்தம்மாவே நேர்ல வந்து எங்க ரெண்டு பேருக்கும் எதிராச் சாட்சி செல்லியிருப்பாங்க."

"உயிரோட வந்திருந்தால் நல்லதுதானே, டொக்டர்," என்றேன். "வாசலில நிண்டு கும்பிட்டுக் கூட்டிக்கொண்டு வந்திருப்பன்."